யாழ்ப்பாணம் எப்போது ஒரே பக்கம் நின்றது?

2024 நவம்பர் 15, விடியப் புறம் முழுக்கப் பாராளுமன்றத் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நித்திரைக் கண்ணோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அங்கே தெரிந்த மாமா ஒருவர். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, தந்தை செல்வாவின்ர மண்ணில திசைகாட்டி வெண்டுட்டுது. இனி என்ன கிடக்கு?" என்றார். திசைகாட்டி என்றால் தேசிய மக்கள் சக்தியின் சின்னம், கொழும்புக் கட்சி. பக்கத்தில் நின்ற பொடியன் சும்மா இருக்கவில்லை. "சனம் மாறிட்டுது மாமா, நீங்கள்தான் மாறேல்லை" என்றான்.

இரண்டு பேருக்கும் அன்று பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இதே வாக்குவாதம் முகநூலில் அடிக்கடி ஓடுகிறது, ஒரு பக்கம் துரோகம், மறுபக்கம் புரட்சி என்று. எனக்கு இரண்டும் பிழையாகத்தான் படுகிறது.

முதலில் மாமாவின் கவலை. தந்தை செல்வாவின் மண் என்றார். அந்த மண்ணே 1952இல், தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய அந்தச் செல்வநாயகத்தைத் தோற்கடித்திருக்கிறது. காங்கேசன்துறையில் அவரை வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர், சு. நடேசன். கொழும்புக் கட்சி யாழ்ப்பாணத்தில் வென்றதில்லை என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. 1956இல் பருத்தித்துறை ஒரு கம்யூனிஸ்டை, பொ. கந்தையாவை, பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம் அது.

யாழ்ப்பாணத் தொகுதியின் கதை இன்னும் சுவாரசியம். 1947இல் தமிழ்க் காங்கிரஸின் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். 1960இல் அதே பொன்னம்பலத்தை மார்ச்சிலும் ஜூலையிலும் சுயேச்சையாக நின்ற அல்பிரட் துரையப்பா விழுத்தினார். 1965இல் பொன்னம்பலம் திரும்பி வந்தார். 1970இல் மும்முனைப் போட்டி. தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின் 56 வாக்கால் துரையப்பாவை முந்தினார், பொன்னம்பலம் மூன்றாவது. 56 வாக்கு என்றால் ஒரு ஒழுங்கைச் சனம்! அதே தேர்தலில் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் தோற்றார். இப்படிப் புள்ளடி போட்ட சனத்தைப் பற்றித்தான் இன்று "எப்பவும் ஒரே பக்கம் நின்ற சனம்" என்று கதைக்கிறோம்.

ஒரே பக்கம் நின்ற காலம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் காரணம் இருந்தது. 1972 அரசியலமைப்புக்கு எதிராகச் செல்வநாயகம் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரியில் ஒருவழியாக நடந்தபோது 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மை அவருக்கு. 1977இல் குடாநாட்டின் எல்லாத் தொகுதியிலும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன். முந்தின தேர்தலில் தோற்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தள்ளத் தள்ளத்தான் சனம் ஒன்றாகியது.

அதற்குப் பிறகு விகிதாசாரத் தேர்தல் முறை வந்தது. கிளிநொச்சி உட்படப் பதினொரு தொகுதியையும் சேர்த்து ஒரே தேர்தல் மாவட்டமாக்கினார்கள். யுத்தமும் வந்தது. அந்தக் காலத்து முடிவுகளைச் சனத்தின் மனம் என்று வாசிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

1994ஐச் சொல்கிறேன். எனக்கு 14 வயது. மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிற காலம். நான் சுற்ற, அப்பா காதை வைத்துக் கேட்பார். கை நோகும், சுற்று குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபடும், அப்பா ஏசுவார். அப்படி ஒரு இரவில்தான் எங்களுக்குப் புதிதாக 10 பாராளுமன்ற உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள் என்று அறிந்தோம். எங்கள் பக்கத்தில் வாக்குச்சாவடி என்று ஒன்றே இருக்கவில்லை. மாவட்டத்தில் பதிவான வாக்கு 100க்கு 3 கூட இல்லை. டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. நிறுத்திய சுயேச்சைக் குழு 10,744 வாக்கில் 9 ஆசனம் எடுத்தது. மிச்ச ஒன்று முஸ்லிம் காங்கிரஸுக்கு. 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட மக்களின் கதை அது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அப்பா அன்று கேட்டது ஒன்றுதான்: "ஆருக்கடா போட்டவங்கள்?"

2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் 9 ஆசனத்தில் 8ஐ எடுத்தது, 90 சதவீதத்துக்கு மேல் வாக்கு. இதைத்தான் எல்லோரும் பொற்காலமாகக் காட்டுகிறார்கள். அடுத்த வருடமே ஜனாதிபதித் தேர்தல், புலிகளின் பகிஷ்கரிப்புக்குள் நடந்தது. 7 லட்சம் வாக்காளரில் ஏறக்குறைய 8,500 பேர் போட்டார்கள், 1.2 சதவீதம். அன்று எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் மணிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. 90ஐயும் 1.2ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே சனம்தான். இரண்டையும் சனத்தின் சுயவிருப்பம் என்று சொல்ல என் வாய் வராது.

சரி, இனிப் பொடியனின் கட்சிக்கு வருகிறேன். சனம் மாறிட்டுதாம். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு விழுந்தது 80,830 வாக்கு, நூற்றுக்கு 25க்கும் சற்றுக் குறைவு. கிடைத்ததோ 6இல் 3 ஆசனம். நாலில் ஒரு பங்கு வாக்கு, பாதி ஆசனம். முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களின் வாக்கு பங்கீட்டிலேயே சேராது. மிச்சம் 5 ஆசனத்தைத்தான் பங்கு போடுவார்கள். அதில் திசைகாட்டிக்கு 2, போனஸோடு 3. தமிழரசு 63,327 வாக்கு எடுத்தும் ஒரே ஒரு ஆசனம், அது சிறீதரனுக்கு. சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரஸ் 27,986க்கு ஒன்று, வைத்தியர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 27,855க்கு ஒன்று. ஏறத்தாழ 28,000 எடுத்தவனுக்கும் 63,000 எடுத்தவனுக்கும் ஒரே பரிசு. கூட்டமைப்பாக இருந்தவர்கள் உடையாமல் நின்றிருந்தால் அந்த போனஸ் யார் பக்கம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். 1994இலிருந்து விடாமல் வென்ற டக்ளஸ் தேவானந்தா வீட்டுக்குப் போனார். தமிழரசின் சுமந்திரனும் போனார். கோபம் உண்மை. ஆனால் அந்தக் கோபம் நாலு திசையில் சிதறியது, அதில் ஒரு திசைக்குத்தான் போனஸ் கிடைத்தது. பழைய பொன்னம்பலத்தின் பேரன் கஜேந்திரகுமார் அதே தமிழ்க் காங்கிரஸில் நின்று இன்னும் பாராளுமன்றத்துக்குள் இருக்கிறார் என்பதையும் பொடியன் கவனிக்க வேண்டும். 1947க்கும் 2024க்கும் நடுவே அறுபடாத நூல்கள் நிறைய.

இந்தக் கூத்தில் எவரும் பேசாத கணக்கு ஒன்று உண்டு. 1989இல் எங்கள் மாவட்டத்துக்கு 11 ஆசனம். 1994இல் 10. 2000இல் 9. 2015இல் 7. இப்போது 6. யார் வென்றார் என்று இரவிரவாகச் சண்டை பிடிக்கிறோம், 5 கதிரை காணாமல் போனதைப் பற்றிக் கடையில் ஒரு வார்த்தை இல்லை.

ஆசனக் கணக்கு வாக்காளர் பதிவிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் வீட்டுக்கு வாக்காளர் பதிவுப் படிவம் வந்தால் நான்தான் நிரப்புவேன். ஒரு காலத்தில் அப்பா நிரப்பும்போது ஏழு பெயர் எழுதினார், எட்டாவதாகப் பெரியம்மாவின் மகனைச் சேர்க்கக் கோடு போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியதுகூட ஞாபகம் இருக்கிறது. போன முறை நான் எழுதியது அம்மாவின் பெயரும் என் பெயரும். மற்றவர்களில் இரண்டு பேர் ரொறன்ரோவில். அன்று தேர்தல் முடிவை எனக்கு முதலில் அனுப்பியதே அவர்களில் ஒருவன்தான், அங்கே பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு.