குட்டியைக் காட்டோரம் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு

செம்பனைக் காட்டோரம் நாய்க்குட்டிகளை அட்டைப்பெட்டியோடு இறக்கி வைத்துவிட்டு மோட்டாரைத் திருப்புகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டால், "கொல்ல மனசு வரலை, எப்படியாவது பிழைச்சுக்கும்" என்பார்கள். பிழைக்காது அண்ணே. போகும்போது காட்டில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

2019 ஜூலையில் நம் மலேசியாவில், திரெங்கானு டுங்குன் பக்கம் ஒரு கம்பத்துக்குள், அதாவது கிராமத்துக்குள், மெலிந்த புலி ஒன்று ஆள் பயமே இல்லாமல் நடந்து வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவாங் பெசுல் என்று பெயர்கூட வைத்தார்கள். பிடித்து நம்ம சுங்காயில் இருக்கும் வனவிலங்கு மீட்பு மையத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள், சில நாளில் செத்துப்போனது. கெனைன் டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் வைரஸ் நோய். வீடியோ பார்த்து என்ன தைரியம் என்று நாம் ரசித்துக்கொண்டிருந்தது நோய் மூளைக்கு ஏறிய கோளாறு.

லயத்துப் பக்கம் இந்த நோய் கண்ட குட்டியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணில் பீளை, மூக்கில் காய்ந்த சளி, பாதம் தடித்து, வாயில் ஒன்றும் இல்லாமலே தாடை மென்றுகொண்டிருக்கும், அப்புறம் வலிப்பு. தட்டம்மை வைரஸுக்குச் சொந்தக்கார வைரஸ் இது, மூச்சு, எச்சில், சளி எல்லாவற்றிலும் பரவும், குணமாக்க மருந்து கிடையாது. நாய் காட்டுப் பிறவி இல்லை, மனுஷனோடு வந்தது. அதைப் புலியோ சிறுத்தையோ அடித்துத் தின்றால் நோயும் கூடவே உள்ளே போகிறது. ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டிக் காட்டுப்பகுதியில் 1994-இல் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள், கிட்டத்தட்ட ஆயிரம், இதில்தான் போயின. நம் நாட்டுக் காட்டில் மிச்சமிருக்கும் புலியே 150-க்கும் குறைவு.

பழியெல்லாம் நாய் மேல் இல்லை, சரி. ரஷ்யப் புலிகளை ஆராய்ந்தவர்கள் அங்கே மற்ற காட்டு விலங்குகளிடமிருந்துதான் நோய் அதிகம் வருகிறது என்றார்கள், நாய்க்குத் தடுப்பூசி போட்டால் மட்டும் போதாது என்றும் சொன்னார்கள். அதற்காக நம் கையில் இருப்பதையும் விட்டுவிடுவதா?

நாயைச் சுட்டுத் தள்ளச் சொல்லவில்லை. சுட்ட இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்துவிடும். குட்டிக்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் முதல் ஊசி, பிறகு தவணை தவறாமல் அடுத்தது, பெட்டை நாய்க்குக் கருத்தடை, அவ்வளவுதான். பன்றி வேட்டைக்கு நாயோடு காட்டுக்குள் போகிற தம்பிகளே, உங்கள் நாய்களுக்குத்தான் முதல் ஊசி.

தோட்டத்து நாய்களை மொத்தமாக டாக்டரிடம் கொண்டுபோக ஒரு வேன் வேண்டும். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பிடித்து ஏற்ற நான் வருகிறேன், எண்ணெய்க் காசும் தருகிறேன்.