அந்த முட்டக்கண்ணு கொரியன் புலி ஏஐ படம் இல்லங்க

வாட்ஸப்ல கொரியன் புலி படம் கொஞ்சம் சுத்திட்டு இருக்கு, பைன் மரத்தடில திருதிருன்னு முழிக்கிற புலி, மேல கிளைல கருப்பு வெள்ளை மேக்பை பறவை. 'இதெல்லாம் பழைய ஓவியமே இல்ல, கேபாப் டீமன் ஹன்டர்ஸ்ங்கற அனிமேஷன் சினிமா ஹிட்டானப்புறம் ஏஐல பண்ணது, வரியும் புள்ளியும் கலந்திருக்கு, கண்ணு கோணலா இருக்கு, ஆர்ட்டிஸ்ட் கையெழுத்தும் இல்ல'ன்னு ஒரு மெசேஜ் கூடவே வருது.

தப்பு. இது கொரியாவை ஜோசன் அரச வம்சம் ஆண்ட காலத்து நாட்டுப்புற ஓவிய வகை. சியோல்ல இருக்கற 'லீயம்' (Leeum) மியூசியத்துல 19ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒண்ணு இருக்கு, அதுக்கு 'பிக்காசோ புலி'ன்னே செல்லப்பேர். 2025ல வந்த அந்த சினிமாதான் இதுல இருந்து எடுத்துக்கிச்சு.

மெசேஜ்ல சொல்ற 'தப்பு' எல்லாமே இந்த ஓவியத்தோட அடையாளம்தான். அந்தக் கால ஓவியர்கள் புலியையும் சிறுத்தையையும் பெருசா பிரிச்சுப் பாக்கல, அதான் ஒரே உடம்புல வரியும் புள்ளியும். முழி அசட்டுத்தனமா இருக்கறது, அதிகாரம் பண்ற பிரபுக்களை கிண்டல் பண்ணத்தான்னு பலர் சொல்றாங்க, பறவை சாதாரண ஜனமாம், நல்ல சேதியும் கொண்டு வருமாம். புத்தாண்டுக்கு கெட்டது அண்டாம இருக்க வீட்ல ஒட்டுவாங்க, வரைஞ்சவங்க பெரும்பாலும் பேர் போடவே மாட்டாங்க. எனக்கென்னவோ அந்தக் கோணல்தான் அழகே.

சந்தேகமா இருந்தா கொரியா தேசிய மியூசியம் வெப்சைட்ல போய் பாருங்க, இங்கிலீஷ்லயும் இருக்கு. அந்த மெசேஜை மட்டும் இனி ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அனுப்பினவங்களுக்கும் சொல்லிடுங்க ப்ளீஸ்.