மூக்கில் ஏறுவது குளோரின் இல்லை

சித்திரை லீவு வந்தால் மலைநாட்டு நகரங்களின் பொது நீச்சல் தடாகங்களைப் பற்றி ஒரே முறைப்பாடுதான்: "குளோரினை அள்ளிக் கொட்டி வச்சிருக்காங்க, பிள்ளைக்குக் கண்ணெல்லாம் எரியுது." கோபம் நியாயமானது. காரணம்தான் தலைகீழ். அந்த நெடி வந்தால் பெரும்பாலும் குளோரின் கூடவில்லை, போதவில்லை.

அளவாக விட்ட குளோரின் சுத்தமான தண்ணீரில் அவ்வளவாக மணக்காது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு அது சேரும்போதுதான் குளோரமைன் உண்டாகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். நாம் சத்தம் போட்டதும் ஊழியர் பயந்து பவுடரைக் குறைத்தால் நாளைக்கு நெடி இன்னும் கூடும்.

கணக்கு கஷ்டமில்லை. 25 மீற்றர் நீளம், 12.5 மீற்றர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர் என்றால் சுமார் 470 கன மீற்றர், அதாவது 4 இலட்சத்து 70 ஆயிரம் லீற்றர் தண்ணீர். லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரினைக் கூட்ட 65 சதவீத கல்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் ஏறக்குறைய 720 கிராம் வேண்டும். குளோரமைனை உடைப்பதற்கு அது இருக்கும் அளவைப் போல 10 மடங்கு குளோரின் போக வேண்டும். குளோரமைன் லீற்றருக்கு 0.6 மில்லிகிராம் இருந்தால் குளோரின் 6 மில்லிகிராம். இந்தத் தடாகத்துக்கு 4.3 கிலோ பவுடர். ஆட்கள் போன பிறகு, இரவில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை எடுத்து அதில்தான் பவுடரைப் போட வேண்டும், பவுடர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் விஷ வாயு வரும், வேறு வகைக் குளோரினோடு கலந்தால் தீப்பிடிக்கலாம். கிணற்றுக்குப் போடும் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டுவது இன்னொரு கூத்து. அதன் சுண்ணாம்பு கரையாமல் தங்கி, தண்ணீரைப் பால் மாதிரி ஆக்கிவிடும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். 7.5 இல் குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும்; 8க்குப் போனால் ஏறக்குறைய கால்வாசிதான். ஹைப்போகுளோரைட் போடப் போட பிஎச் ஏறும். அமிலத்தைத் தனியாக விட்டு பிஎச்சை இறக்காதவர் எவ்வளவு பவுடர் கொட்டினாலும் காசுக்குத்தான் நட்டம். திறந்தவெளித் தடாகத்தில் சித்திரை வெயிலும் குளோரினைத் தின்னும். குளோரின் வெயிலைத் தாங்குவதற்கு சயனூரிக் அமிலம் போடாவிட்டால், காலையில் பார்த்த அளவு மத்தியானத்துக்கு இருக்காது.

இனி நம் பக்கம். பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயடியில், குளித்துப் பழகிய நமக்குத் தடாகமும் குளிக்கிற இடமாகவே தெரிகிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தபடி இறங்குகிறோம். தண்ணீர் மட்டத்தில் சுவரைச் சுற்றி ஓடும் அந்தப் பழுப்புக் கோடு அந்த எண்ணெய்தான். இறங்கும் முன் சவர்க்காரம் போட்டு ஒரு நிமிஷம் உடம்பைக் கழுவினாலே அழுக்கில் பெரும்பங்கு போய்விடும். ஆனால் மூன்று ஷவரில் இரண்டு உடைந்து, மூன்றாவதில் ஐஸ் தண்ணீர் வந்தால் யார் நிற்பார்? கண்டியில் பரவாயில்லை; 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் சித்திரையிலும் காலைத் தண்ணீர் உடம்பைக் குத்தும். சுடுதண்ணீர் ஷவரை ஆடம்பரம் என்று ஒதுக்கும், தடாகத்தை நடத்தும் நகர சபை அந்தக் காசைப் பவுடருக்குக் கட்டுகிறது.

உடுப்புச் சண்டையும் வருடா வருடம் நடக்கிறது. பருத்தி டீ-சேர்ட்டின் நூல்தும்பு பம்பின் வடிகட்டிக் கூடையை அடைக்கும், சாயமும் கரையும். அதனால் தடுப்பதில் தவறில்லை. ஆனால் முழுக் கை, முழுக் கால் லைக்ரா உடுப்போடு வரும் பெண் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமே கிடையாது. "துணி எது" என்று கேட்கட்டும். எவ்வளவு மூடியிருக்கிறது என்பது கவுண்டர்காரருடைய வேலை இல்லை.

கூட்டம்தான் எல்லாவற்றுக்கும் வேர். ஆளுக்கு 3 சதுர மீற்றர் என்று பார்த்தால் மேலே சொன்ன தடாகத்தில் ஒரே நேரத்தில் 100 பேர் இறங்கலாம். லீவு நாளில் கவுண்டரில் யார் எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு ஆளுக்கும் சுமார் 30 லீற்றர் புதுத் தண்ணீரும் வேண்டும்; 300 பேர் வந்த நாளில் 9,000 லீற்றர். மணல் பில்டரைப் பின்னோக்கிக் கழுவும்போது வெளியேறும் தண்ணீருக்குப் பதிலாக இது உள்ளே வரும். மாசி, பங்குனி வறட்சியில் நகரத்துக்கே தண்ணீர் இல்லாதபோது அந்தக் கழுவலைத் தள்ளிப் போடுகிறார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பம்பையும் நிறுத்துகிறார்கள். அடுத்த நாள் தண்ணீர் கலங்கலாக நிற்கும்.

கலங்கல் அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. ஆழமான பக்கத்தின் அடியில் உள்ள வடிகால் மூடியின் கம்பிகள் கரையில் நின்று தெளிவாகத் தெரியாவிட்டால் பிள்ளையை இறக்காதீர்கள். அது தெரியாத தண்ணீரில், அடியில் கிடக்கும் பிள்ளையும் உயிர்காப்பாளருக்குத் தெரியாது.

சின்னப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் வீட்டிலேயே வைத்திருங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். பிள்ளைக்குத் தண்ணீரிலேயே மலம் போய்விட்டால் ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள். திட்டு வாங்குவது பெரிய விஷயமில்லை.

பின்னேர இடிமழை பங்குனி, சித்திரையில் மலைநாட்டுக்குப் புதிதல்ல. இடி கேட்டதும் எல்லோரையும் வெளியேற்றி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் காத்திருப்பதுதான் சரி; அதற்காக உயிர்காப்பாளரோடு சண்டை போடாதீர்கள். சண்டை கவுண்டரில் போட வேண்டியது. வானம் கறுத்த பிறகும் 2 மணி டிக்கெட்டை விற்று, இடி இடித்ததும் "காசு திருப்ப முடியாது" என்பது கொள்ளை. இன்னொரு நாளைக்குச் செல்லும் என்று டிக்கெட்டில் ஒரு முத்திரை குத்துவதற்கு என்ன செலவு?

முறைப்பாடு எழுதுகிறவர்கள் "குளோரின் நாறுகிறது" என்று எழுதாமல் ஒரு பலகையைக் கேளுங்கள். பிஎச், கட்டற்ற குளோரின் (இன்னும் எதோடும் சேராதது, லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம்), மொத்தக் குளோரின், உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, பார்த்த நேரம். மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கண்ணை எரித்த பொருள், அது 0.5ஐத் தாண்டியிருந்தால் அன்றிரவே மேலே சொன்ன வேலை நடக்க வேண்டும். திறந்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் டீபீடீ மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டும், சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பலகையில் காலை 8 மணி எழுத்து பின்னேரமும் அப்படியே இருந்தால், அதைப் படம் பிடித்து சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அனுப்புங்கள்.