என் பின்மண்டையைத் தெரிந்தவர்

என் தலையில் இரண்டு சுழி. ஒன்று வலப்பக்கமாகச் சுற்றும், மற்றொன்று இடப்பக்கமாக. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றே போதும் போதும் என்றிருக்கிறது, அதை விடுங்கள். என் கஷ்டம் வேறு. இரண்டு சுழிக்கும் நடுவே உள்ள முடியைக் கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டால் தீர்ந்தது, சேவல் கொண்டை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். எண்ணெய், தண்ணீர், ஜெல் எதற்கும் அடங்காது.

2024 ஆவணியில் மச்சினன் கல்யாணம். இந்த ஒரு தடவையாவது நல்ல இடத்தில் வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டில் உத்தரவு. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஓர் ஏசி சலூனுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே வாசனை, வரவேற்பு, ஒரு கோப்பை காபி. நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி: எத்தனையாம் நம்பர்? எனக்குத் தெரிந்த நம்பர் ஆரப்பாளையம் போகிற பஸ் நம்பர்தான். மெஷினில் மாட்டுகிற சீப்பின் எண் அது என்று பிறகுதான் புரிந்தது. ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும், இரண்டு என்றால் 6. நான் விழித்ததைப் பார்த்து அவரே இரண்டு என்று முடிவு செய்தார். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. 400 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 472. கல்யாண ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு கொண்டை தெரியும், அது நான்தான். இந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்று போயிருந்தால் 420 ரூபாயிலேயே கெட்டிருப்பேன்.

மறுமாதம் செல்லூரில் என் வழக்கமான கடைக்குத் திரும்பினேன். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, பெஞ்சில் தினத்தந்தி. அந்தப் பத்திரிகை 1942இல் பிறந்ததே இந்த மதுரையில்தான், அதனாலோ என்னவோ நம் ஊரில் அது இல்லாத சலூனை நான் பார்த்ததில்லை. மாஸ்டர் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். ஈரக்கையை உச்சியில் வைத்து ஒரு தடவு தடவினார். கை நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, போன தடவை எங்கே வெட்டினீர்கள் தம்பி என்றார். பதில் சொல்லத் தெரியாமல் கன்னித்தீவில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. கைவேகம் அவருக்கும் இருந்தது. ஆனால் மூன்று மாதத்தில் வேறு கிளைக்கோ வேறு ஊருக்கோ மாற்றிவிடுவார்களாம். ஒருமுறை பார்த்த தலையை அவர் மறுபடி பார்ப்பதே இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஐந்தாறு வாரம் கழித்து நம் தலை அதே நாற்காலிக்குத் திரும்பி வரும்போது, தான் வெட்டியது எப்படி வளர்ந்திருக்கிறது, எங்கே தவறியது என்பது மாஸ்டருக்குக் கண்முன்னால் தெரிகிறது. சொந்தத் தவறு மாதம் தவறாமல் வந்து முன்னால் உட்கார்ந்தால் எந்தத் தொழிலில்தான் கை திருந்தாது? என் கொண்டையை அடக்க அவருக்கே நான்கு தடவை ஆனது. முதல் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக நீளம் கூட்டிப் பார்த்தார். இப்போது உச்சியில் மட்டும் ஒரு விரற்கடை விட்டுவிடுகிறார். அது தானாகப் படிந்துகொள்கிறது.

அவர் வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கத்தரி முடியில் படாத நேரத்திலும் காற்றில் சக் சக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும், தறிச் சத்தத்தில் வளர்ந்த செல்லூர்க்காரர் அல்லவா, நின்றால் கை மறந்துவிடும் போலும். சீப்பு முடியைத் தூக்கும், கத்தரி மேலே ஓடும், சீப்பு அதற்குள் அடுத்த வரிசைக்கு ஏறியிருக்கும். மெஷினைக் கழுத்துக்குக் கீழேதான் எடுப்பார். காது வந்ததும் இடது கட்டைவிரலால் மடலை மடக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்வார், நானும் அடக்கிக்கொள்வேன். பிளேடை உறையோடு சேர்த்து நடுவில் ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவதை நம் கண்ணுக்கு நேரே செய்வார். முடிந்ததும் அது தகர டப்பாவுக்குப் போய்விடும். மஞ்சள்காமாலையும் எச்ஐவியும் பழைய பிளேடில் பரவும் என்ற பயம் வந்தபின் வந்த நல்ல பழக்கம் இது. பிறகு படிகாரம். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் எனக்குச் சவரம் செய்த மாதிரியே இருக்காது. கடைசியில் சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவார். எல்லோரும் தலையாட்டுவோம். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஒட்டவா முடியும்?

சென்ற ஆண்டு அப்படித் தலையாட்டப் போன என்னை அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, இங்கே பாருங்கள் என்றார். பின்மண்டையில் எட்டணா அளவுக்கு வழவழவென்று ஓர் இடம். புழுவெட்டு. என் மனைவி பார்க்கவில்லை, நான் பார்க்க வழியே இல்லை. பெஞ்சில் இருந்த பெரியவர் உடனே சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொன்னார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், நான்கு மாதத்தில் பூனைமுடி மாதிரி முளைத்தது. அதுவரை மேல்முடியை நீளவிட்டு அந்த இடத்தை மறைத்து வெட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. ஊரில் கட்டி கீறியது அவர்கள், பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பெண்கள். நாதஸ்வரமும் தவிலும் கைவந்த குடும்பங்களும் அவர்களில் உண்டு. இத்தனையும் வாங்கிக்கொண்ட ஊர், களத்துமேட்டில் கடைசி ஆளாக நெல் அளந்தது, சாதிப் பெயரையே வசவாக்கியது. படித்தவர்கள்கூட வாய் தவறியதுபோல் அந்த வசவைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு பக்கம், பட்டியல் சாதியினருக்கு முடிவெட்டக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கடைக்காரரை மிரட்டுகிற செய்தி இன்றும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறது. நகரத்துச் சலூனில் யார் எழுந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அந்த நாற்காலி எத்தனை பெரிய காரியம் என்பது அது மறுக்கப்பட்டவருக்குத்தான் தெரியும்.

மாஸ்டர் குறையே இல்லாதவர் என்று சொல்லவில்லை. தலையைப் பிடித்துக் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுக்கிற வேலை அவரிடமும் உண்டு. கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம்வரை போகலாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். எனக்கு எடுப்பதில்லை. ஆனால் மற்றவர்கள் கேட்கிறார்களே என்கிறார். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. துண்டு விஷயத்திலும் எனக்கு மனவருத்தம் உண்டு, ஒரே துண்டு எத்தனை கழுத்தைப் பார்த்ததோ.

போன தீபாவளிக்கு வெட்டுக்கூலியை 100இலிருந்து 120 ஆக்கினார். அன்றைக்குப் பெஞ்சில் நடந்த பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கொள்ளை என்றார் ஒருவர். அவர் கையில் இருந்த செல்போனின் விலைக்கு மாஸ்டர் இருநூறு தலை வெட்ட வேண்டும். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 472 ரூபாயை மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டு வந்தவன் நான். இப்போது 150 கொடுக்கிறேன். முதல் இரண்டு தடவை மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார், மூன்றாவது தடவை மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கடை எங்கே என்று கேட்டு உள்பெட்டிக்கு வருபவர்களுக்கு வழி சொல்கிறேன். செவ்வாய் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை போகாதீர்கள், பெஞ்சில் இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை முடிவெட்டக் கூடாது என்று ஊரே நம்புவதால் அன்றைக்குக் கடை காலியாக இருக்கும், கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேர் மாலை போட்டுவிடுவதால் எந்த நாளும் காலிதான். நம்பர் கேட்க மாட்டார், நீங்களும் சொல்லாதீர்கள். முதல் தடவை சுமாராகத்தான் அமையும், மறுமாதமும் போங்கள். துண்டு மட்டும் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.