முட்டி வலிக்கு வயதைக் குறை சொல்வதற்கு முன் சீட்டு உயரத்தைப் பாருங்கள்

காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தயத்துக்குப் பழகுகிறவர்களுக்கு இல்லை, ஒரே மூச்சில் இருநூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்கும் இல்லை. ஆசை ஆசையாகத் தொடங்கி, கொஞ்ச நாளிலேயே சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் சாத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால் முட்டி வலிக்கிறது, உட்கார முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது என்பார்கள். இதில் பெரும்பாலானது வயசும் இல்லை, உடம்பும் இல்லை. சீட்டு உயரம், டயர் காற்று, கியர் இந்த மூன்றும் தப்பாக இருப்பதுதான் காரணம். அரை மணி நேரமும், அலன் கீ என்கிற ஆறுமுனைச் சாவி செட்டும், மீட்டர் வைத்த பம்பும் இருந்தால் மூன்றையும் சரிசெய்துவிடலாம். அதைச் செய்யாமல் புதுச் சைக்கிள் வாங்கினால் அதே வலி புதுச் சைக்கிளிலும் வரும்.

முதலில் சீட்டு. பெரும்பாலானவர்கள் சீட்டை ரொம்பத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்கிற பயம்தான் காரணம். வழக்கமான சைக்கிளில் அப்படிப் பதிந்தால் மிதிக்கும்போது முட்டி கடைசி வரை மடங்கியேதான் இருக்கும். சுமை முழுவதும் முட்டிச் சில்லின் மேல் விழும். நிறுத்தும்போது சீட்டிலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஒரு பெடல் கீழே இருக்கும்படி வைத்து, பிரேக் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் நழுவி, மறு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். வண்டி இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் பழகினால் இது கைவந்துவிடும். பிறகு சீட்டை உயர்த்தப் பயம் இருக்காது.

உயரம் பார்க்கிற முறை இது. வழக்கமாகப் போட்டு ஓட்டுகிற ஷூவோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்க் குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமும் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். இப்போது குதிகாலை எடுத்துவிட்டு, மிதிக்கிற மாதிரி முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கும். ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி வரை மடங்கினால் சரி. கணக்காக வேண்டுமென்றால், வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டை வரை ஏற்றிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் 70.6 செ.மீ. பெடலை மாட்டியிருக்கிற தண்டு ஃபிரேமில் சுழல்கிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை இருக்க வேண்டிய தூரம் அது. ஷூவின் அடிக்கனம், பெடல் தண்டின் நீளம் இவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதனால் அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு ஐந்து மில்லிமீட்டர் ஐந்து மில்லிமீட்டராகத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்று செ.மீ. ஏற்றினால் வேறு இடத்தில் வலிக்கும், எதனால் என்றும் தெரியாது.

வலி எங்கே என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, அல்லது ரொம்ப முன்னால் தள்ளியிருக்கிறது. முட்டிக்குப் பின்பக்கம் இழுத்தால் சீட்டு உயரம். பின்னால் ஒருவரை நிறுத்தி ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலும் உயரம் அதிகம் என்றுதான் அர்த்தம். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரியும்படி ஒருபோதும் ஏற்றக் கூடாது. ஃபிரேமுக்குள் போதுமான நீளம் இல்லாவிட்டால் கம்பி வளையும், ஃபிரேமே பிளக்கவும் செய்யும். சரியான உயரம் கிடைத்ததும் கம்பியைச் சுற்றி ஒரு டேப் ஒட்டி வையுங்கள். கிளாம்ப் லேசாகத் தளர்ந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டு இறங்குவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற விஷயம். கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத்தான் தெரியும்.

உட்காருமிடத்து வலிக்கு ஜெல் உறை வாங்கிப் போடுவது தப்பான வைத்தியம் என்பேன். உடம்பின் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கிற இரண்டு எலும்பு முனைகள். மெத்தென்ற உறையில் அவை அமுங்கி, நடுவிலிருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மென்மையான இடத்தை அழுத்தும். பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அரை மணியில் மரத்துப்போகும். முதல் இரண்டு வாரம் அந்த எலும்பு முனைகளில் வலிப்பது இயல்பு, தானே போய்விடும். மரத்துப்போவது இயல்பில்லை. அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று போனில் உள்ள மட்டக் கருவியை வைத்துப் பாருங்கள். மட்டமாக இருக்க வேண்டும், வேண்டுமானால் ஒன்றிரண்டு டிகிரி கீழே சாயலாம். அதற்கு மேல் சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கும், தாங்குவதற்குக் கை ஊன்றும், உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரக்கும். கை மரப்பதற்குச் சீட்டுச் சாய்வு காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கையுறை வாங்குகிறார்கள்.

அடுத்து காற்று. கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பது அளவே இல்லை. காற்றழுத்தத்தை அளக்கிற பிஎஸ்ஐ கணக்கில் 30-ம் 45-ம் விரலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதுவரை ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏறத்தாழ எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 28 மி.மீ. அகல டயரில் 70 முதல் 80 பிஎஸ்ஐ, 35 மி.மீ. அகலத்தில் 50 முதல் 60, இரண்டு அங்குல டயரில் 30 முதல் 40 வைத்துத் தொடங்கலாம். பின் சக்கரம்தான் அதிக எடை தாங்குகிறது. அதற்கு முன்னதைவிட நாலைந்து கூடுதலாக வையுங்கள். ரோடு மோசமாக இருந்தால் கொஞ்சம் குறையுங்கள். ரொம்பக் கெட்டியாக ஏற்றினால் வேகமாகப் போகிற மாதிரி ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான். கரடுமுரடான ரோட்டில் டயர் துள்ளிக்கொண்டே போகும், அந்த அதிர்ச்சியெல்லாம் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் வந்து சேரும். பஞ்சரே ஆகாவிட்டாலும் டியூப் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். அகலம் குறைந்த டயர் என்றால் மூன்று நாலு நாளுக்கு ஒரு முறையும், அகலமானது என்றால் வாரம் ஒரு முறையும் அடிக்க வேண்டும். உள்ளே சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வகை வால்வாக இருந்தால், அந்த ரப்பர் காய்ந்து வெடித்தும் காற்று போகும். வால்வு வாயில் எச்சில் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ரப்பரை மாற்றினாலே போதும். டியூபைக் கழற்ற வேண்டியதில்லை.

பஞ்சர் விஷயத்தில் எல்லாரும் ஓட்டையை ஒட்டுகிறார்கள், காரணத்தைத் தேடுவதில்லை. மறுநாளே அதே இடத்தில் காற்று போவது இதனால்தான். டியூபை வெளியே எடுக்கும்முன் வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேரே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஓட்டை கிடைத்ததும் டியூபை அதே மாதிரி டயரின் மேல் வைத்துப் பார்த்தால், முள்ளோ கம்பியோ இருக்கிற இடம் ஒரு விரற்கடைக்குள் அகப்பட்டுவிடும். டயரின் உள்பக்கத்தை வெறும் விரலால் வேகமாகத் தடவாதீர்கள், கீறிவிடும். ஒரு துணியைச் சுருட்டி இழுத்தால், குத்திக்கொண்டிருப்பதில் நூல் மாட்டும். கார் டயருக்குள் இருக்கிற இரும்பு இழையிலிருந்து உதிர்கிற மயிரிழைக் கம்பிகள்தான் மோசம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. டயரை அந்த இடத்தில் வளைத்துப் பிடித்தால் முனை நீட்டும், சின்ன இடுக்கியால் பிடுங்கிவிடலாம். ஓட்டை டியூபின் உள்வளைவில், அதாவது ரிம் பக்கம் இருந்தால் முள் குத்தவில்லை. ரிம்முக்குள் ஸ்போக் முனைகளை மூடியிருக்கிற ரிம் டேப் நகர்ந்து, ஸ்போக் முனை உரசியிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் மோதி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. அப்போது தேட வேண்டியது முள்ளை இல்லை, பம்பை.

ஒட்டும்போது உப்புத்தாளால் ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டமாகத் தேய்த்து, பளபளப்பு போனதும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடமாவது சும்மா விட வேண்டும். ஓரத்தில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு மட்டும் இருக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டு நழுவும். பஞ்சர் ஒட்டு பிய்வதற்கு முக்கியக் காரணம் அவசரம்தான். ஒட்டியதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். டயரை மாட்டிய பிறகு முழுக் காற்றும் ஏற்றும்முன், டியூப் எங்கேனும் டயர் விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் விலக்கிப் பார்த்துவிடுங்கள்.

கியர் வைத்த சைக்கிளில் பெரும்பாலானவர்கள் செய்வது, கனமான கியரில் போட்டுவிட்டு அழுத்தி அழுத்தி மிதிப்பது. அதுதான் உடற்பயிற்சி என்று நினைக்கிறார்கள். முட்டிக்கு அது நல்லதில்லை. லேசான கியரில் வேகமாகக் கால் சுற்றுவதே சரி. சமதளத்தில் போகும்போது ஒரு முட்டி எத்தனை முறை மேலே வருகிறது என்று பதினைந்து நொடி எண்ணுங்கள். 18 முதல் 22 வரை வந்தால் நிமிடத்துக்கு 72 முதல் 88 சுற்று, போதும். 12, 13 என்று வந்தால் ஒரு கியர் இறக்குங்கள். மேடு வருகிறது என்றால் ஏறத் தொடங்கும் முன்பே கியரை மாற்ற வேண்டும். பாதி ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழலும், கியர் பற்களும் தேயும். மாற்றுகிற அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் காலின் அழுத்தத்தைக் குறையுங்கள். கடகடவென்ற சத்தம் வராமல் செயின் நழுவி உட்காரும்.

மூச்சு வாங்குவதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமே உண்டு. அன்றாட ஓட்டத்தில் பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். போனில் சராசரி வேகத்தைப் பார்த்துப் பார்த்து நேற்றைவிட ஒன்று கூட்ட வேண்டும் என்று ஓட்டுவதுதான் நல்ல பழக்கத்தைக் கெடுக்கிறது. காற்றைக் கிழித்துப் போவதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி செலவாகும். பத்து கிலோமீட்டர் தூரத்தில் அதனால் மிச்சமாவது ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காக மறுநாள் எழுந்திருக்கவே பிடிக்காதபடி உடம்பை அடித்துப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காற்று பலமாக அடிக்கிற நாளில் புறப்படும்போதே எதிர்க்காற்றில் போங்கள். திரும்பும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும்.

ரோட்டில் கவனிக்க வேண்டியதில் முக்கியமான ஒன்று, நிறுத்தியிருக்கிற கார்களின் கதவு. ஓரமாகப் போவதே பாதுகாப்பு என்று நினைத்து காரை உரசிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, நேர்கோட்டில் போங்கள். மண் பரவிய வளைவில் பிரேக்கைத் திரும்புவதற்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், திரும்பும்போது உள்பக்கப் பெடல் மேலே இருக்க வேண்டும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். ஈரமான இரும்பு மூடி, வெள்ளைக் கோடு இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலை ஒடித்துத் திருப்பவும் கூடாது. சிவப்புப் பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றிக்குப் பாதுகாப்பே இல்லை.

புறப்படும்முன் ஒரு நிமிடம் போதும். இரண்டு பிரேக் பிடியையும் முழுசாக அழுத்துங்கள், ஹேண்டில்பாருக்கும் பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று கைக்குத் தட்டினால் ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறது. புதுச் சைக்கிளில் பெடல் கழன்று விழுவது அவசரமாக மாட்டியதால்தான். வலது பெடல் வலப்புறம் சுற்றினால் இறுகும், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. தெரியாமல் ஸ்பேனரால் பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும், பிறகு தண்டையே மாற்ற வேண்டியிருக்கும். கையாலேயே நாலைந்து சுற்று சுலபமாகப் போன பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

செயினுக்கு ஆயில் விடுவதில் தாராளம் கூடாது. மேலே வழிகிற ஆயில் மண்ணைப் பிடித்துக்கொண்டு அரைக்கும் பசையாகிவிடும். துணியால் செயினை இறுக்கிப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, அழுக்குக் குறையும் வரை துடையுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் விட்டுச் சுற்றிவிட்டு, வெளியே இருப்பதை மறுபடி துடைத்துவிடுங்கள். ஆயில் இருக்க வேண்டியது உள்ளே உருளைக்கும் முளைக்கும் நடுவில்தான். துருப்போக்கும் ஸ்பிரே செயின் ஆயிலுக்கு மாற்று ஆகாது, இருக்கிற ஆயிலையும் கழுவிக்கொண்டு போய்விடும். டிஸ்க் பிரேக் என்றால் அதன் ஒரு துளிகூடத் தட்டில் படக் கூடாது. செயினில் 24 கண்ணியை ஸ்கேல் வைத்து அளந்தால் புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்றுவதற்குக் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பல்சக்கரத்தின் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் தாவும். மழையில் நனைந்து வந்த நாளில் மட்டும் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல், உள்ளே கொண்டுவந்த கையோடு செயினைத் துடைத்து, காய்ந்ததும் ஆயில் விட்டுவிடுங்கள். ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும்.