'ஆ'வுக்கும் 'பி'க்கும் நடுவில் நிற்கிறது என் சொட்டு நீர்

சொட்டு நீர் மானியத்துக்கு நான் போட்ட விண்ணப்பம் இந்தத் திங்கட்கிழமை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. சம்மதக் கடிதத்தில் கிணறு இருக்கும் உட்பிரிவை '2ஆ' என்று எழுதியிருக்கிறோமாம், கணினிப் பட்டாவில் அது ஆங்கில எழுத்துப்படி (அ, ஆ என்பதற்கு ஏ, பி) '2பி' என்று இருக்கிறதாம், ஆகவே இரண்டும் வேறு வேறு நிலங்களாம்.

எங்களுடையது தாத்தா வெட்டிய கூட்டுக் கிணறு. இன்று அதில் மூன்று பங்கு, மூன்று நாளைக்கு ஒரு முறை எனக்குத் தண்ணீர். கிணறு சித்தப்பாவின் புல எண்ணில் இருக்கிறது என்பதற்காக, என் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'கிணற்றில் மூன்றில் ஒரு பாகம்' என்று அரசாங்கமே கட்டணம் வாங்கிப் பதிவு செய்து கொடுத்த வரியை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிக்கவே மறுத்தார். பங்காளிகளின் சம்மதம் வேண்டும் என்றார். முழங்கால் மடக்க முடியாத சித்தப்பாவை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பிறகு, பெரியப்பா இறந்துவிட்டதால் வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பினார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? பெரியப்பா மகனான அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு விடுப்புப் போட்டு, ஒரு நாள் கூலியை இழந்து வந்து, பத்திரத்தில் உள்ளபடியே '2ஆ' என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் 'ஆ' என்று பதிந்ததும் அரசாங்கம்தான், கணினியில் 'பி' என்று ஏற்றியதும் அரசாங்கம்தான். இரண்டும் ஒரே நிலம் என்று நிரூபிக்கும் வேலை மட்டும் என் தலையில்.

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சிறு, குறு விவசாயிக்கு மத்திய அரசின் விதிப்படி 55 சதவீதம்தான் மானியம். மீதியைத் தமிழக அரசு போட்டு, 5 ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு 100 சதவீதமாகவும், மற்றவர்களுக்கு 75 சதவீதமாகவும் தருகிறது. இரண்டு ஏக்கர்க்காரனான எனக்கு அது பெரிய உதவி. என் கோபமெல்லாம் வேறு. 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், என் முறை வரும் நாளில் மோட்டாரைப் போட்டு வாய்க்கால் நிறையத் தண்ணீரை ஓடவிட்டு, பாதி மண்ணுக்கும் பாதி வெயிலுக்கும் போனாலும் என்னை ஒருவரும் ஒரு காகிதம் கேட்பதில்லை. அதே தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொன்னால் சிட்டா, அடங்கல், புல வரைபடம், தாசில்தாரின் சிறு குறு விவசாயி சான்று, நீர்ப் பரிசோதனை, மண் பரிசோதனை, அதற்கு மேல் செத்தவரின் சம்மதம் வரைக்கும் கேட்கிறார்கள். நிலத்தடி நீர் வற்றுகிறது என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் ஒரு நாள் இந்த மேசை முன்னால் வந்து நிற்க வேண்டும்.

வைகாசி பிறந்துவிட்டது. வேப்பமர நிழலில் குவித்து வைத்த விதை மஞ்சள் முளைவிட்டு நிற்கிறது, அது யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காது. குழாய் வந்த பிறகு நடலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன், இனி முடியாது. நாளைக்கே பார் பிடித்து, பழையபடி வாய்க்கால் பாசனத்திலேயே நடப் போகிறேன். கிணற்றில் போன வருடம் இதே நாளில் தெரியாத பாறை இப்போது வெளியே தெரிகிறது. என் முறை இன்று இரவு இரண்டு மணிக்கு.