கூனோவுக்கு வந்தது நம்ம ஊர்ச் சிவிங்கிப்புலியா?

'இந்தியாவில் அழிந்துபோன அதே இனம் 70 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்பிவிட்டது' என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் சரி.

சிவிங்கிப்புலி (சீட்டா) இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் இங்கே வாழ்ந்தது ஆசிய உள்ளினம். அது இன்று ஈரானில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், மிஞ்சியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்கு 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8-ம், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12-ம் வந்தன. இவை ஆப்பிரிக்க உள்ளினம். இரண்டும் ஒரே இனத்தின் கிளைகள்தான், ஆனால் ஒன்றல்ல. வீடு திரும்பியது என்பதைவிட, உறவினர் குடிவந்தார் என்றால் பொருந்தும்.

'வந்தவை எல்லாம் செத்துவிட்டன' என்பதும் பொய். சில இறந்தன, குட்டிகளும் இறந்தன. ஆனால் 2023 மார்ச் முதல் கூனோவிலேயே குட்டிகள் பிறந்திருக்கின்றன.

அப்புறம், அந்தப் பதிவிலுள்ள படம் சிறுத்தை! அதன் உடலில் பூப்போன்ற வளையங்கள் இருக்கும். சிவிங்கிக்கு நிறைந்த கரும்புள்ளிகள், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல் கருங்கோடு.